இரண்டாம் குழி

பள்ளத்தாக்கின் மேல்முனையில் மலை சரிந்த பிறகு, அடிவாரத்து வீடுகளின் கீழே என்ன மண் இருக்கிறதென்று பார்க்க ஆள் வந்தது. பழைய சரிவின் மேல் நிற்கிற வீடு என்றால் காலி செய்தாக வேண்டும். அதில் ஒன்று கொத்தனாருடையது. அவர் மனைவி பதினோரு வருஷம் தையல் மெஷினை மிதித்து, புருஷனோடு சேர்ந்து கட்டிய வீடு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் முப்பதடிக் கீழே ஆறு. அந்த ஒடுக்கத்தில் இன்னொன்று கட்ட இடம் ஏது?

மண் ஆய்வாளர் இளம்பெண். ஆற்றுக்கல் உருண்டு வழவழப்பாக இருக்கும், மலையிலிருந்து விழுந்த கல் முனை மழுங்காமல் இருக்கும் என்று பொறுமையாக விளக்கிவிட்டு, வாசலோரம் குழி வெட்டச் சொன்னார். இரண்டடி இறங்கியதும் கையைக் கிழிக்கிற மாதிரி கற்கள். ஆய்வாளர் பேச்சைக் குறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கொத்தனார் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு எங்கேயோ பார்த்தார்.

அவர் மனைவி மட்டும் குழியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கற்களுக்கு அடியில் நீலமாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. குனிந்து இழுத்தாள். அறுந்த ரப்பர் செருப்பு.

“ஏம்மா, மலை செருப்பு போட்டுக்கிட்டா இறங்கி வந்துச்சு?”

ஆய்வாளரின் பேனா நின்றது. கொத்தனார் மென்று விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வீடு கட்டும்போது அந்த மூலையில் மண் எடுத்த பள்ளம் இருந்தது. வேலை பார்த்த இடத்திலிருந்து உடைகல்லை வண்டியில் கொண்டுவந்து கொட்டி நிரப்பியவர் அவரேதான்.

“உங்க கையால கொட்டிட்டு, பழிய மலை மேல போட விட்டீங்களே. நல்ல மேஸ்திரி.”

பயத்தில் மூளை மரத்துவிட்டது என்றார் அவர்.

கொல்லையில், யாரும் கைவைக்காத இடத்தில், அடுத்த குழி. பேருக்குக்கூடக் கல் இல்லாமல் இறுகிய செம்மண்ணாக வந்தது. நாலடியில் மண்வெட்டி முட்டியது. எடுத்த கல் முட்டைபோல் உருண்டிருந்தது. ஆய்வாளர் கத்தியால் கீற, அது ஓரத்தில் மாவாக உதிர்ந்தது.

“ஆறு இந்த மட்டத்துல ஓடின காலத்துல போட்டுட்டுப் போன கல்லு அக்கா. மண்ணுக்குள்ள கிடந்து இப்படி மக்கிப்போக ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். அதுக்கப்புறம் இது மேல ஒரு சரிவும் வந்து விழல. நீங்க இங்கயே இருக்கலாம்.”

ஆய்வாளர் போனதும் கொத்தனார் குழியை மூட வந்தார். மனைவி அதற்குள் உள்ளே இறங்கி நின்றிருந்தாள். ஏறி வரச்சொல்லி அவர் கையை நீட்டினார்.

“இருங்க. இத்தனை நாள் எது மேல படுத்துத் தூங்கினோம்னு கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு வர்றேன்.”