கூட்டினால் பூஜ்யம்

1

முன்பின் தெரியாத ஒருவன் போனில் கூப்பிட்டு, யாருக்கு ஓட்டு என்று கேட்டால் உண்மையைச் சொல்வீர்களா? அதைக் கேட்பதுதான் என் வேலை. ஊரை விட்டு வெகுதூரம் வந்து, ஒரு கருத்துக்கணிப்புக் கம்பெனியில் இருக்கிறேன். இந்தக் கதை அங்கே சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. அங்கே என்னோடு பேசுகிற ஒரே ஆள், கணிப்பு எண்களைக் கணக்குப் பார்க்கும் அண்ணன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று வானம் இருண்டு..." (வேண்டாம். அந்தச் சாப்பாட்டு அறைக்கு ஜன்னலே கிடையாது.)

சரி, நேராகவே சொல்கிறேன். தேர்தல் முடிந்துவிட்டது. எங்கள் கணிப்பு எவ்வளவு பலித்தது என்று அண்ணன் அறிக்கை எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர் வேலையை நீட்டிப்பார்கள்.

"பாத்தியாடா, நாலு கட்சியோட பிழையையும் கூட்டிட்டேன். பூஜ்யம்! நாம எந்தப் பக்கமும் சாயல."

காகிதத்தைப் பார்த்தேன். நாங்கள் சொன்னது 40, 30, 20, 10 சதவீதம். வந்தது 38, 29, 18, 15.

"அண்ணே, சொன்னதும் நூறு, வந்ததும் நூறு. கழிச்சுக் கூட்டினா எப்பவும் பூஜ்யம்தானே வரும்? கண்ணை மூடிட்டு எழுதினாலும் வரும்."

அவர் கை தட்டிலேயே நின்றது.

"நாலாவது கட்சிய அஞ்சு குறைச்சிருக்கோம். போன ரெண்டு தேர்தல்லயும் அதையேதான் குறைச்சோம். அவங்க ஆளுங்க போன்ல அந்தப் பேரைச் சொல்லவே கூசறாங்கண்ணே."

"வந்துட்டாரு மேதாவி! உனக்கு யாருடா கணக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லண்ணே."

3

(இங்கே எனக்கே சந்தேகம். அண்ணன் தெரிந்தே செய்தார் என்று எழுதினால் கதை சூடுபிடிக்கும். எழுதியும் பார்த்தேன். ஆனால் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தவன் நான். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

முடிவுகள்:

அவர் என் தோளைத் தட்டி, "நல்லவேளை சொன்ன..." (அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

நான் மேலாளர் அறைக்குப் போய்... (எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.)

"சும்மா சொன்னேண்ணே, நீங்க போட்டதே சரி" என்று நான்... (இதை மட்டும் மூன்று தடவை எழுதினேன்.)

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை அறிக்கை போனது. நான்கு கட்சிகளின் பிழையும் அதில் தனித்தனியாக இருந்தது. அண்ணன் வேறு மேசையில் உட்கார்ந்து டீ குடித்தார்.