பிளம்ஸ் இல்லையென்றால் பேரிக்காய்

நாயுடுபுரத்துப் பழக்கடை அமானுல்லாவுக்கு 1958 முழுக்க ஒரே பிடிவாதம். முந்தின வருஷம் வியாபாரிகள் சங்கத் தேர்தலில், முப்பத்தொரு ஓட்டில் வெறும் பன்னிரண்டு வாங்கி அரிசிக்கடை சேனாதிபதி தலைவராகிவிட்டார். அவர் வேண்டாம் என்ற பத்தொன்பது பேரின் ஓட்டு இரண்டு பேருக்குப் பிரிந்து வீணாய்ப் போயிற்று. தலைவரானதும் அவர் செய்த முதல் காரியம், மேட்டில் நின்ற சரக்கு லாரியைக் கீழே தன் கடை வாசலுக்கு மாற்றியது. அன்றிலிருந்து அமானுல்லா பெட்டி பெட்டியாய்ப் பழத்தை மேடேற்றிக்கொண்டிருக்கிறார். ஆத்திரம் வராதா மனுஷனுக்கு?

வழி காட்டியது, செண்பகனூர் பங்களாச் சமையல்காரர்கள் கொண்டுவரும் சீட்டு. ‘பிளம்ஸ்; இல்லையென்றால் பேரிக்காய்; அதுவும் இல்லையென்றால் ஆரஞ்சு’ என்று வரிசையாக எழுதியிருக்கும்.

“ஓட்டையும் இப்படியே எழுதுவோம்ங்க. கடைசியா வர்ற ஆளு கழிஞ்சதும், அவருக்கு விழுந்த சீட்டுல ரெண்டாவதா இருக்கிற பேருக்கு அந்த ஓட்டு போயிரும். பாதிப் பேருக்கு மேல வேணும்னு சொல்லாம ஒருத்தரும் நாற்காலில உக்கார முடியாது!”

கடை கடையாய் ஏறி இறங்கினார். எதிராளியின் டீ ஆறும்வரை விடமாட்டார். அவர் தலை தெரிந்தாலே சிலருக்கு உள்ளே அவசரச் சோலி வந்துவிடும். கடைசியில் தொல்லை தாங்காமல்தான் சங்கம் ஒப்புக்கொண்டது.

இந்த முறை அவரே நின்றார். சேனாதிபதியும் நின்றார். மூன்றாவது ஆள், எந்த வம்புக்கும் போகாத தையற்கடை கந்தவேல். தலைவராய் உட்காருவதற்கென்று அமானுல்லா அவரிடமே ஒரு கம்பளிக் கோட்டும் தைத்துக்கொண்டார். அவ்வளவு ஆசை!

முதல் எண்ணிக்கையில் அமானுல்லா பன்னிரண்டு, கந்தவேல் பத்து, சேனாதிபதி ஒன்பது. அமானுல்லா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கழிந்துபோன சேனாதிபதியின் சீட்டுகளைப் பிரித்தார்கள். ஒன்பதிலும் இரண்டாவது பேர் கந்தவேல். ஆக, பத்தொன்பது ஓட்டோடு அவரே தலைவர்.

“பழைய முறைன்னா நீங்கதான் தலைவர், பாய்!” என்றார் சேனாதிபதி. கூட்டமே சிரித்தது. அமானுல்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. நாளையிலிருந்து லாரி பழையபடி மேட்டில் நிற்கும் என்று கந்தவேல் கூச்சத்தோடு அறிவித்தது காதில் விழுந்தும் விழாமல் வீட்டுக்கு நடந்தார்.

மனைவி பதுருன்னிசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“ஆமா, நீங்க ரெண்டாவதா யாரை எழுதுனீங்க?”

“கந்தவேலைத்தான். வேற யாரை எழுத?”

“லாரியும் மேட்டுக்கு வரப்போகுது. அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? பிளம்ஸ் இல்லாத அன்னைக்குக் கடைக்கு வர்றவங்ககிட்ட என்னங்க சொல்வீங்க?”

அமானுல்லா கோட்டைக் கழற்றினார்.

“பேரிக்காயும் நல்லாத்தான் இருக்கும்பேன். இத்தனை நாளும் அதை யாவாரத்துக்காகச் சொல்றேன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!”