அல்சர் மாத்திரை

லிஃப்ட் மெக்கானிக்கின் ரத்தத்தில் கிருமி எண்ணிக்கை மறுபடி ஏறியிருந்தது. எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தின் நர்ஸ் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தனை நாள் விட்டீங்க?"

"ஒரு நாள்கூட விடலைம்மா."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. முதல் மருந்து கேக்காமப் போய்த்தான் இந்த புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரைக்கு வந்தீங்க. இதையும் கெடுத்துக்கிட்டா, அலமாரி நிறைய வேற அடுக்கி வெச்சிருக்கோம்னு நெனப்பா?"

உண்மையிலேயே அவன் விடவில்லை. சாப்பாட்டோடுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சேராது என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகவே அக்கா வீட்டிலேயே இருந்தான். தனியாக அறை எடுத்தால் இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு முடங்கிவிடுவான். அவன் லட்சணம் அவனுக்குத் தெரியும்.

"வேற ஏதாவது மாத்திரை?"

"இல்ல." கொஞ்சம் யோசித்தான். "காலையில அக்கா ஒரு காப்ஸ்யூல் தருவா. அது மருந்துல சேத்தி இல்ல. சும்மா ஆசிட்டுக்கு."

நர்ஸ் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தினமுமா? அட பாவி மனுஷா! இந்த மாத்திரை கரையறதுக்கே வயித்துல ஆசிட் வேணும். அதை அடக்கிட்டு இதை முழுங்கினா, வந்த வழி தெரியாமப் போயிடும். அந்தக் காப்ஸ்யூல் இன்னையோட நிக்கணும். இது ஒரு நாளும் நிக்கக் கூடாது."

தவறு அவன் சொன்ன பொய்யில் இருந்தது. இது என்ன மாத்திரை என்று அக்கா கேட்டபோது, வாய்க்கு வந்தது அல்சர். அக்கா மருந்து மொத்தக் கடையில் பெட்டி கட்டுகிறவள். அல்சருக்கு எது கொடுப்பார்கள் என்று கடையில் கேட்டு, மறுநாளே வாங்கி வந்துவிட்டாள். காலையில் பல் துலக்கியதும் தண்ணீரோடு வந்து நிற்பாள். விழுங்காவிட்டால் பொய் உடையும். விழுங்கினான்.

அன்று மாலை, மச்சான் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சமையலறைக்கு வந்தான்.

"அக்கா, எனக்கு அல்சர் சரியாயிடுச்சாம். நாளையிலேர்ந்து அந்தக் காப்ஸ்யூல் வேணாம்."

"அப்பாடா! அப்ப அந்தப் பெரிய மாத்திரையையும் தூக்கிப் போடு. மனுஷன் எவ்வளவுதான் முழுங்குவான்?"

"அது இருக்கட்டும்."

"சரியான வியாதிக்கு எதுக்குடா மாத்திரை? சும்மா தின்னா கிட்னி போயிடும். கொண்டா இங்க."

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். குளியலறையிலிருந்து மச்சான், "அங்க என்னய்யா அக்காவும் தம்பியும் மாநாடு? பசி உயிர் போகுது!" என்று கத்தினார்.

"அல்சர் இல்லக்கா," என்றான். "எச்.ஐ.வி."

அக்கா அடுப்பை அணைத்தாள். நீட்டிய கையைப் புடவையில் துடைத்தாள். அதில் ஈரம் எதுவும் இல்லை.

"நான் குடுத்தது?"

"அதான் இந்தப் பெரிய மாத்திரையக் கேக்க விடாமப் பண்ணிடுச்சு. உன் தப்பு இல்ல."

"என் தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்டா. தினம் தண்ணி மொண்டு குடுத்தேனே, வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" குரலைத் தாழ்த்தினாள். "பாப்பா உன் தட்டுலதான் கை வெக்கிறா."

"தட்டால வராது."

"டாக்டர் சொன்னதா, நீ சொல்றதா?"

"டாக்டர்தான்."

"அல்சர்னும் நீதான் சொன்ன." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நாளைக்கு லீவு போடறேன். கூட்டிட்டுப் போ. அவங்க வாயால கேட்டாத்தான் நம்புவேன். அதுவரைக்கும் அவரு காதுக்குப் போகக் கூடாது. அந்த ஓட்டை வாய்க்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி."

பரிமாறும்போது, அவன் பக்கத்தில் உட்கார வந்த குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை திமிறி அழுதது. "இன்னைக்கு ஒரு நாள் எங்கிட்ட சாப்பிடுடி," என்றாள். மச்சான் கண்டுகொள்ளாமல் சாப்பிட்டார்.

அவன் நிமிராமல் பாதிச் சாப்பாடு வரை வந்தான். அப்புறம் எழப் பார்த்தான். பசி செத்துப் போயிருந்தது.

"எங்க எழுந்திருக்க?" என்றாள் அக்கா. "முழுசா சாப்பிட்டுட்டு மாத்திரையப் போடு."