ரப்பரில் இட்ட சிலுவை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கடலலையை ரப்பரால் பிடித்து விளக்கெரிக்கப் போன ஒருத்தியின் கதை வைத்திருக்கிறேன். கொஞ்சம் மனசைப் பிசையும். ஆனாலும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

தென்னூர் லூர்துராணியின் மகள் ஷெர்லின். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் பழைய தேங்காய் மண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, உள்ளே தொட்டி கட்டி, அதில் அலை எழுப்பிச் சோதனை செய்துகொண்டிருந்தாள். அவள் செய்த கருவி பெரிய தவில் மாதிரி இருக்கும். தோலுக்குப் பதில் மெல்லிய ரப்பர்; அதன் இரண்டு பக்கமும் கரிப்பூச்சு. அலை அடியில் முட்டினால் ரப்பர் பூரி போல உப்பும். உப்பிய நேரத்தில் அதில் கொஞ்சம் மின்சாரம் ஏற்ற வேண்டும். அலை இறங்கி ரப்பர் சுருங்கும்போது, கொடுத்ததற்கு மேலேயே திருப்பித் தரும். பல்சக்கரமும் இல்லை, துருப்பிடிக்கும் இரும்பும் இல்லை. ஆனால் அந்த ரப்பரில் நிற்பது ஆயிரக்கணக்கான வோல்ட். கடலில் அது கிழிந்தால், பக்கத்தில் நிற்பவன் கதி அவ்வளவுதான்.

நிற்கப் போகிறவன் அவள் தம்பி பிராங்க்ளின். நன்றாக நீந்துவான். நாகப்பட்டினம் பக்கம் கடலில் கருவியை மிதக்கவிட்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கயிறு தளராமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

புறப்படும் காலை. வேன் வாசலில் நின்றது. கருவியின் உறையைப் பிரித்த ஷெர்லின் குனிந்து உற்றுப் பார்த்தாள். ரப்பரின் நடுவே, இரண்டு மண்புழுக்கள் குறுக்கும் நெடுக்கும் படுத்த மாதிரி வீங்கியிருந்தது.

"யாருடா இதைத் தொட்டது?"

"அம்மாதான், முந்தாநேத்து. கெபி விளக்கு எண்ணெய் கொண்டாந்து சிலுவை போட்டுச்சு. எனக்கு நெத்தியில, இதுக்கு வயித்துல," என்று சிரித்தான் பிராங்க்ளின்.

அந்த வீட்டில் புது சைக்கிள் வந்தாலும் மிக்ஸி வந்தாலும், மாதா சிலை நிற்கும் குகையான கெபியின் விளக்கு எண்ணெயால் ஒரு சிலுவை இடாமல் லூர்துராணி யாரையும் தொடவிட மாட்டாள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறும், ஊறினால் வலுவிழக்கும். ஷெர்லினுக்கு அது பாலபாடம். வீட்டில் சொல்லத்தான் தோன்றவில்லை.

எலுமிச்சை சோற்றுப் பொட்டலத்தோடு அம்மா உள்ளே வந்தாள். "என்னடி, இன்னும் ஏத்தலையா?"

"ரப்பர் சரியில்லம்மா. இன்னிக்கு வேணாம்."

காரணத்தை விழுங்கிவிட்டாள். பிள்ளைக்காகப் போட்ட சிலுவை பிள்ளையையே கொன்றிருக்கும் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது?

"அக்கா, அங்க ஊரே காத்துக்கிட்டிருக்கு. அதெல்லாம் தாங்கும். நீ எப்பவும் பயந்தாங்கொள்ளி," என்றான் தம்பி.

லூர்துராணி மகள் முகத்தைப் பார்த்தாள். "பயமா இருக்கா? இரு." பைக்குள் கைவிட்டுச் சின்ன சீசாவை எடுத்தாள். "இன்னும் ரெண்டு சொட்டு வச்சா மாதா பாத்துக்குவாங்க."

"வைக்காதம்மா!" ஷெர்லின் கத்திய கத்தலில் வேன்காரர் எட்டிப் பார்த்தார்.

"மாதா எண்ணெய் வச்சா தப்பா? படிச்சதும் சாமி கசந்துபோச்சா உனக்கு?"

ஷெர்லின் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கருவியைத் தொட்டியில் இறக்கினாள். எல்லோரையும் சுவரோரம் நிறுத்திவிட்டு சுவிட்சைப் போட்டாள். அலை எழுந்தது, ரப்பர் உப்பியது. அடுத்த அலையும் வந்து போனது. அதற்கடுத்ததில் சிலுவையின் நடுவே படீரென்று நீலப்பொறி தெறித்தது. கிழிந்த ரப்பர் தண்ணீரில் துவண்டு விழ, மண்டி முழுக்கக் கருகல் நாற்றம்.

"எண்ணெய் ரப்பரைத் தின்னுடும்மா. எனக்குத் தெரியும். உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

லூர்துராணி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவன் கை எங்க இருந்திருக்கும்?"

"அது பக்கத்துலதாம்மா."

வேன் காலியாகத் திரும்பிப் போனது. "விடும்மா, எலுமிச்சை சோறாவது மிச்சம்," என்று பிராங்க்ளின் சொல்லிப் பார்த்தான், யாரும் சிரிக்கவில்லை. டவுன் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியும் அம்மா அவன் மணிக்கட்டை விடவில்லை. ஜன்னலோரம் இருந்த மகளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அது கோபமா, கூச்சமா என்று ஷெர்லினுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணிவில்லை.

அவ்வளவுதான், செல்லங்களா. உங்கள் வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பு யாரையும் காயப்படுத்தாமல் இருக்கட்டும். தண்ணீருக்குப் போன பிள்ளைகள் தலை துவட்டிக்கொண்டு வீடு வந்து சேரட்டும்.