ரொட்டி மேல் சத்தியம்

ரோஹத் கல்ஃபாவின் குரலைக் குறை சொன்னவர் ஷவாத்தில் யாருமில்லை. சொல்லிவிட்டு அந்த ஊரில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய முடியாது. கல்யாண வீட்டில் பெண்கள் கூடும் இடத்தில் கார்மோன் பெட்டியின் துருத்தியை விரித்துப் பாடுகிறவள்தான் கல்ஃபா. சாவுக்கும் அவள்தான். அங்கே பெட்டி கிடையாது, வெறும் குரல். அவள் ஓர் அடி எடுத்துக் கொடுப்பாள், சுற்றி நிற்கும் பெண்கள் அதை வாங்கி அழுவார்கள். பறிகொடுத்தவள் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவளுக்காக இன்னொருத்தி எடுக்க வேண்டும். ரோஹத்தின் தாய் செத்தபோது அவளுக்கும் அவளுடைய ஆசிரியை எடுத்துக் கொடுத்தாள். அது அவளுக்கு மறந்தே போயிற்று. பெரிய கல்ஃபா ஆன பிறகு எதுதான் ஞாபகம் இருக்கும்?

இப்போது அவளுடைய ஒரே மகன் மத்யாகுப் முற்றத்தில் கிடந்தான். பருத்தி ஏற்றிய டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்ததில் அடியில் சிக்கிச் செத்திருந்தான். மதியத் தொழுகைக்குள் எடுத்தாக வேண்டும். துக்கத்துக்கான நீல உடுப்பில் பெண்கள் முற்றம் கொள்ளாமல் நின்றார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"யாராவது எடுத்துக் குடுங்கடி. பையனை ஊமையாவா அனுப்பறது?" என்றாள் ரோஹத்தின் தங்கை ஐஜமால்.

"கத்துக்கிட்டவ ஒருத்திதான். அவ வாயைத்தான் கட்டிப் போட்டாச்சே," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ரோஹத்தின் காதுக்கு எதுவும் தப்பாது.

கற்றுக்கொண்டவள் சபுரா. சிறுமியாக வந்து ரோஹத்தின் பக்கத்தில் தாயிரா என்ற கைப்பறையைத் தட்டிக்கொண்டே வளர்ந்தவள். பல வருஷம் முன்பு ஒரு கல்யாணத்தில் ரோஹத்துக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, ஒரே ஒரு பாட்டு அவள் பாடினாள். மணப்பெண்ணின் அம்மா, கல்ஃபாவுக்கென்று வைத்திருந்த பட்டுத் துண்டை எடுத்து சபுராவின் தோளில் போர்த்திவிட்டாள். "கல்ஃபா, இனிமே நீங்க தாயிரா தட்டிக்கலாம்," என்று எவளோ கிண்டல் செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ரோஹத்தும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் ராத்திரி முழுக்கச் செரிக்க முடியாமல் கிடந்தாள்.

மறுநாள் தந்தூர் அடுப்படியில், அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க, சுடச்சுட ஒரு ரொட்டியை எடுத்து சபுராவின் கையில் வைத்தாள்.

"இந்த ஊர்ல எந்த வீட்டுலயும் பாட மாட்டேன்னு சொல்லு."

"நீங்கதானே அக்கா பாடுன்னு கண்ணைக் காட்டினீங்க?"

"கண்ணைக் காட்டினா தலைமேல ஏறி உக்காந்துக்குவியா?"

"சரி, கல்யாணத்துக்கு வரலை. சாவு வீட்டை மட்டுமாவது எனக்கு விடுங்க. அங்க யாரும் துண்டு போர்த்தப் போறதில்லை."

"துக்கமும் என் சொத்துதான்டி. எவ வீட்டுல உன்னைத் தேடறாங்கன்னு நானும் பார்க்கறேன்."

சபுரா கை பொரியப் பொரிய சத்தியம் செய்தாள். அதை மீறினால் பிறகு யார் வீட்டிலும் அவளோடு உட்கார்ந்து ரொட்டி பிய்க்க மாட்டார்கள். அதற்கப்புறம் எந்தத் தாயும் தன் மகளை ரோஹத்திடம் அனுப்பவில்லை. "எனக்கப்புறம் யாருமில்லை," என்று ரோஹத் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெருமையாகத்தான் சொன்னாள், பாவி.

வாசலில் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சாவு வீட்டுக்கான ரொட்டிக் கூடையோடு சபுரா வந்தாள். ரொட்டிக் கடையில்தான் அவளுக்கு வேலை. சட்டைக் கையில் மாவு அப்பியிருந்தது.

ரோஹத் எழுந்து வந்தாள். "எடுத்துக் குடு, சபுரா."

"ரொட்டி மேல சத்தியம் பண்ணியிருக்கேன், அக்கா."

"வாங்கினவ நான். நானே விடறேன்." ரோஹத் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள். இனி நீயே பாடலாம் என்று மாணவிக்குத் தரும் ஆசி அது; சபுரா வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தும் அவள் தராதது. பிறகு அத்தனை பேர் முன்னால் குனிந்து சபுராவின் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "என் பையனுக்காக. உன்னைக் கெஞ்சறேன்டி."

சபுரா கூடையை இறக்கி வைத்தாள். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். கரகரவென்று ஏதோ வந்தது, நின்றது. மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, பாட்டு வரவில்லை.

"மறந்துட்டேன், அக்கா."

"மறக்கிற பாட்டா அது? நான் சொல்லிக் குடுத்ததுடி."

"மாவு பிசையும்போது தானா வாயில வரும். வந்தா சத்தியம் போயிடுமேன்னு பல்லைக் கடிச்சுக்குவேன். கடிச்சுக் கடிச்சு முதல் அடிகூட இல்லாம போச்சு. எங்கம்மா செத்தப்பவும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்."

ரோஹத்துக்கு அந்த நாள் தெரியும். அங்கே எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். சுவரோரம் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்ற சபுராவைப் பார்த்து, சொன்ன சொல் கேட்கிறாள் என்று மனசுக்குள் திருப்திப்பட்டிருந்தாள். பிடித்திருந்த பாவாடை ஓரத்தை அவள் விட்டுவிட்டாள்.

வெளியே ஆண்கள் இருமினார்கள். நேரமாகிவிட்டது. நால்வர் உள்ளே வந்து மத்யாகுப்பைத் தூக்கியபோது ரோஹத் வழக்கத்தை உதறிவிட்டுத் தானே பாடினாள். சுருதி பிசகாத குரல். முதல் அடியை முடித்து, எப்போதும்போல் பெண்கள் வாங்குவதற்காக நிறுத்தினாள்.

யாரும் வாங்கவில்லை. பெற்றவள் எடுத்துக் கொடுத்தால் வாங்கக் கூடாது. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சபுரா மட்டும் உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தாள்.

ஆண்கள் தெருவில் இறங்கினார்கள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்வரை அவர்களுடைய காலடிச் சத்தம் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்டது. ஷவாத்தில் அதுவரை எந்தச் சாவு வீட்டிலும், பெண்களின் பாட்டை மீறி, அந்தச் சத்தம் கேட்டதில்லை.