பின்சீட்டுக்கு அடியில்

எண்ணெய் வழிந்துகொண்டே இருக்கிறது, தயாபரன் சாய்த்துப் பிடித்த டப்பாவிலிருந்து எஞ்சின் மேல், எஞ்சினிலிருந்து மேசை மேல், மேசையிலிருந்து தரைக்கு, அவர் கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குப் பின்னால் ஆள் இல்லை, சார், சார் என்று இருதயராஜ் கூப்பிட்டது எதுவும் போய்ச் சேரவில்லை, முக்கால் நிமிடம் இருக்குமா, சட்டென்று அவர் டப்பாவை நிமிர்த்தி, என்ன ராஜு, இவ்ளோ கொட்டிருக்க என்றார், அவனைப் பார்த்து.

அது தை மாதம், ஏற்காட்டு மலையடிவாரத்தில் அவன் பட்டறை, பழைய இங்கிலீஷ் எஞ்சின் ஒன்று கிடைத்தால் அதைச் சுற்றிச் சட்டம் வளைத்து, தகடு தட்டி டேங்க் செய்து, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வண்டியாக எழுப்பித் தருவது அவன் வேலை, தயாபரன் மேட்டூர் மின்நிலையத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், காப்பித் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக் கிடந்த முப்பத்தெட்டாம் வருடத்து எஞ்சினைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவர், இன்னும் இந்த மாதிரி பத்து இருந்தா அதிகம் ராஜு என்று அதன் மேல் கை வைத்தபோது இருதயராஜின் கையும் தானாக அங்கே போனது, அன்றே அவன் மாட்டிக்கொண்டான் என்று இப்போது தோன்றுகிறது.

மறுவாரம் அவர் மனைவி குணவதி தனியாக வந்தாள், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, தம்பி, அவருக்கு வலிப்பு, கை கால் இழுக்காது, நின்னது நின்னபடி ஆளு போயிருவாரு, டாக்டர் சைக்கிளே ஓட்டக் கூடாதுன்னுட்டாரு, இந்த வண்டிய முடிக்காதீங்க என்றாள், சரிங்கம்மா என்றான், மனதாரத்தான் சொன்னான், பிஸ்டன் ரிங் சீமையிலிருந்து வரவில்லை என்று பங்குனி வரை நாளைக் கடத்தினான், ரிங் மேசை இழுப்பறையில்தான் இருந்தது, தினமும் திறந்து பார்க்கிறான், மூடுகிறான், இந்த எஞ்சினின் குரலை ஒருமுறை, ஒரே ஒருமுறை கேட்டுவிட்டுக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று ஒரு மத்தியானம் மாட்டி உதைத்தான், அடிவயிற்றிலிருந்து எழுந்த அந்தச் சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது, அவன் கண்ணில் நீர் வந்தது, யாரும் கேட்காமல், யாரும் வற்புறுத்தாமல், அவனே போனை எடுத்து, சார், உயிர் வந்துருச்சு என்றான்.

குணவதி மறுபடி வந்தபோது திட்டுவாள் என்று நினைத்தான், அவள் வண்டியைச் சுற்றி வந்து, ஒரு ஆளு சீட்டுதான் இருக்கு, பின்னாடி எனக்கொன்னு வைங்க, அதுக்கு அடியில வண்டிய நிறுத்துற ஸ்விட்ச் ஒன்னு, அவருக்குத் தெரியக் கூடாது என்றாள், அவருகிட்டயே சொல்லிரலாமேம்மா என்றதற்கு, முப்பத்தஞ்சு வருசமா சொல்றேன் தம்பி, கேக்குற ஆளா என்று மட்டும் சொன்னாள், அவன் வைத்துக் கொடுத்தான், ஒரு கம்பியை இழுத்து இரும்பில் தொட வைத்தால் அந்தக் காலத்து எஞ்சின் செத்துவிடும், கம்பியை விட்டால் மறுபடி உதைத்துக் கிளப்பலாம், ஒரு மணி நேர வேலை.

சித்திரை முதல் ஞாயிறு, காலை பத்து மணி, அவர்கள் முன்னால், இருதயராஜ் தன் வண்டியில் பின்னால், மலை ஏறுகிறார்கள், இரண்டாம் வளைவுக்கு முன்னால் தயாபரனின் தோள்கள் ஒரு மாதிரி இறுகுவதைப் பார்க்கிறான், குணவதியின் வலது கை சீட்டுக்கு அடியில் போகிறது, எஞ்சின் நிற்கிறது, ஏற்றத்தில் வண்டி தானாகத் தளர, அவள் இரு கால்களையும் ஊன்றி, புருசனோடு சேர்த்து அத்தனை எடையையும் மலைப்பக்கச் சுவரில் சாய்த்துவிட்டாள், அவள் செருப்பு ஒன்று பிய்ந்து சாலையில் கிடந்தது, இருதயராஜ் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் தயாபரன் கண்ணில் வெளிச்சம் திரும்பிவிட்டது.

ஏன் நின்னுச்சு என்றார், சொன்னால் அவர் அந்தக் கம்பியைப் பிடுங்கிவிடுவார், சொல்லாமல் விட்டால் என்று இருதயராஜ் யோசித்து முடிப்பதற்குள், ரெண்டு பேர இழுக்கல ராஜு, நீ இவளக் கூட்டிட்டு வா என்று சிரித்து, கிக்கரை உதைத்தார், ஒரே உதையில் பிடித்துக்கொண்டது, சார், வேண்டாம் சார், உங்களுக்கு என்று அவன் கத்தியது அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது, குணவதி அவர் சட்டையைப் பிடித்தாள், துணி விரலிலிருந்து நழுவியது.

துரத்தத் தன் வண்டியை நிமிர்த்தினான், அவள் ஏறவில்லை, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள், அவனும் நின்றான், மூன்றாம் வளைவில் சத்தம் தணிந்து ஏறியது, நான்காவதில் தணிந்து ஏறியது, ஐந்தாவது வளைவு பள்ளத்தாக்கின் விளிம்பில், அங்கே வண்டியை வளைக்க வேகம் தணிய வேண்டும், தணியவில்லை, அத்தனை சீராக, அத்தனை அழகாக அது போய்க்கொண்டே இருந்தது, குணவதி காதுகளைப் பொத்திக்கொண்டாள், இருதயராஜ் கடைசிவரை கேட்டான்.