உசத்தியான ஆயில்

ஆபீஸ் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அமீர் ஹம்சா நின்றுகொண்டிருந்தார். பிரீத்திகா கண்டும் காணாததுபோல் பஸ் ஸ்டாப் பக்கம் நடையை எட்டிப் போட்டாள். அண்ணன் வம்சி செத்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சாவுக்குக் காரணம் இந்த மெக்கானிக்தான் என்று அவள் வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

“ஏனுங்க அம்மணி, ஒரு நிமிசம் நின்னு கேட்டுப்போட்டுப் போங்க. அப்புறம் என்ன திட்டுனாலும் வாங்கிக்கிறேனுங்க.”

குரலில் கெஞ்சல் இல்லை. அதனாலேயே அவள் நின்றாள்.

“வண்டிய யாருமே இன்னும் பிரிச்சுப் பாக்கலீங்க. ஸ்டேஷன்ல பிரேக்கு, ஸ்டியரிங் பாத்தாங்க, திருப்பிக் குடுத்துட்டாங்க. கிளட்ச்சத் தொறந்து பாருங்க. நான் தொடமாட்டேன். நீங்க நம்புற ஆளு யாரையாச்சும் வெச்சுத் தொறங்க. எம் மேல தப்புன்னா நானே வந்து ஒத்துக்கிறேன்.”

“இப்ப எதுக்குங்க பாய் அதெல்லாம்?”

“துடியலூர்ல பதினெட்டு வருசமாக் கடை வெச்சிருக்கேன். இப்ப பஞ்சர் ஒட்டக்கூட ஒருத்தரும் வர்றதில்லீங்க. பையனக் கொன்ன மெக்கானிக்குன்னு சொல்றாங்க. எம் புள்ள ரம்ஷா காலேசுக்குப் போகமாட்டேங்குறா.” சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வம்சிக்குப் பெங்களூரில் வேலை. சம்பாதித்ததையெல்லாம் கொட்டி, அங்கேயே ஒருவரிடம் பழைய குவாட் பைக் ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான். நாலு பெரிய சக்கரம், கைப்பிடி, ஒரு ஆள் உட்காரும் சீட்டு. ரோட்டில் ஓட்டக்கூடாத, பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. சூலூருக்கு வெளியே அவர்கள் தோட்டத்தை ஒட்டிப் பழைய கல்லுக்குழி ஒன்று உண்டு. குழியில் தோண்டிய மண்ணெல்லாம் குன்று மாதிரிக் குவிந்து கிடக்கும். ஊருக்கு வரும்போதெல்லாம் அதில்தான் ஏறி இறங்குவான்.

அவன் சாவதற்கு இரண்டு மாசம் முந்தித்தான் அமீர் ஹம்சா அந்த வண்டிக்குப் புதுக் கிளட்ச் தட்டு போட்டுக் கொடுத்திருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மண்மேட்டில் முக்கால்வாசி ஏறிய வண்டி அப்படியே நின்றது. இன்ஜின் அலறியது, சக்கரம் சுற்றவில்லை. பின்னால் உருண்டது, முன்பக்கம் தூக்கியது, மல்லாந்து அவன் மேலேயே விழுந்தது. தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அப்பா அழகிரிசாமி ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் கத்தினார். “கிளட்ச் போட்டவன்தான் எம் பையனக் கொன்னான்.” மறுநாளே ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தார்.

*

அப்பா தறிக்கு நூல் வாங்கத் திருப்பூர் போன நாளாகப் பார்த்து, பிரீத்திகா நீலம்பூரில் பைக் பட்டறை வைத்திருக்கும் காளிச்சாமியைக் கூட்டிவந்தாள். அமீர் ஹம்சாவை அவருக்குப் பழக்கமில்லை. தறிக்கூடத்தை ஒட்டிய குடோனில் தார்ப்பாயை விலக்கினார்கள். சீட்டின் ஓரத்தில் மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

காளிச்சாமி ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார், மோந்து பார்த்தார். மூடியைக் கழற்றித் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். எல்லாமே தீய்ந்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன.

“தட்டு புதுசுதானுங்க. ஒழுங்காத்தான் போட்டிருக்காங்க. ஆயில்தான் தப்பு.”

“பழசாயிடுச்சுங்களா?”

“இல்லீங்க, ஆயிலும் புதுசுதான். கறுக்கக்கூட இல்ல, இப்பத்தான் மாத்தியிருக்காங்க. ஆனா இது கார் ஆயிலுங்க. தண்ணி மாதிரி இருக்குது பாருங்க. கார்ல கிளட்ச் தனியா, ஆயில் படாம இருக்கும். இதுல இன்ஜினும் கிளட்ச்சும் ஒரே ஆயில்லதான் முங்கிக் கிடக்குது. கார் ஆயில்ல உரசல் கொறையறதுக்குன்னு மருந்து சேத்திருப்பாங்க. அது இந்தத் தட்டுல பட்டா வழுக்கும். சமதரையில தெரியாது. மேட்டுல ஏத்தி முறுக்குனா, இன்ஜின் மட்டும் சுத்தும், வண்டி நிக்கும்.”

“அமீர் பாய் ஊத்தியிருப்பாருங்களா?”

“ரெண்டு மாசம் இந்தத் தூசியில ஓடுன ஆயில் இப்படி இருக்காதுங்க. அதுக்கப்புறம் யாரோ மாத்தியிருக்காங்க.”

யாரென்று அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

வம்சி கடைசியாக ஊருக்கு வருவதற்கு முந்தின நாள். ஆபீஸ் மீட்டிங்கின் நடுவில் அப்பா போன் பண்ணியிருந்தார். குரலில் அப்படியொரு சந்தோசம். “கண்ணு, உங்கண்ணன் வண்டிக்கு நானே ஆயில் மாத்திப்போட்டேன். அவன எத்தன தடவ சொல்லியும் தள்ளிப் போட்டுட்டே இருந்தான். அந்த பாய் என்ன சொன்னாரு, கிலோமீட்டர் பாக்கக்கூடாது, ஓடுன மணிநேரத்த வெச்சு மாத்தோணும், தூசியில ஓடுனா இன்னும் சீக்கிரம் மாத்தோணும்னாரா இல்லையா? நம்ம புதுக் காருக்கு வாங்கி வெச்ச ஆயில ஊத்திட்டேன். இருக்கறதுலயே உசத்தியான ஆயில்.” அவள், “சரிங்க நைனா, மீட்டிங்ல இருக்கேன்” என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சு அவள் நினைவுக்கே வரவில்லை.

அவர்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார்கள். அப்பாவை நைனா என்பார்கள். நைனாவுக்கு எண்ணெய் என்றால் ஒரு பக்தி. தறிகளுக்கு வேளை தவறாமல் எண்ணெய் விடுவதை இன்றைக்கும் ஆட்களை நம்பி விடமாட்டார்.

*

அம்மா வரலட்சுமி சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிரீத்திகா பக்கத்தில் உட்கார்ந்து, காளிச்சாமி சொன்னதை மெல்லிய குரலில் சொன்னாள். அம்மாவின் கை நிற்கவில்லை. ஒவ்வொரு காயாக எடுத்து, நார் உரித்து, நறுக்கிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, காதுல விழுந்துதா?”

“எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “அன்னைக்குக் காலைல ஒருவாட்டி மேட்டுல ஏறிட்டுத் திரும்பி வந்தான். கிளட்ச் நழுவுதும்மா, நைனா என்ன ஆயில் ஊத்துனாருன்னு கேட்டான். கார் ஆயிலு, இருக்கறதுலயே உசத்தின்னாருடான்னு சொன்னேன். சிரிச்சான். ஐயோ நைனான்னு சொல்லிச் சிரிச்சான். நைனா கிட்டச் சொல்லாதம்மா, வருத்தப்படுவாரு, நாளைக்கு பாய்கிட்டக் கொண்டுபோயி மாத்திக்கிறேன்னான். இன்னொருவாட்டி ஏத்திப் பாத்துட்டு நிறுத்திடறேன்னு போனான்.”

அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. அம்மா எழுந்து அணைத்துவிட்டு வந்தாள்.

“இத்தனை நாளும் ஏம்மா சொல்லல? அந்த பாயோட பொழப்பே போச்சு.”

“போகட்டும். அவருக்குப் பொழப்புதான போச்சு?” அம்மா நறுக்கிய காயை ஓரமாக ஒதுக்கினாள். “உங்க நைனாகிட்டச் சொன்னா, அந்த மனுசன் அடுத்த நாள் உசுரோட இருப்பாராடி? ஒருத்தனக் குடுத்தாச்சு. இன்னொருத்தரயும் குடுக்கச் சொல்றயா? பாய் மேல கோவம் இருக்கறதுனாலதான் அவரு எந்திரிச்சு நடமாடறாரு. அந்தக் கோவத்தப் புடுங்கிட்டா அவருகிட்ட வேற என்ன இருக்குது?”

அம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பிரீத்திகா அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்த பிறகும், காலேஜுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ரம்ஷாவின் நினைப்பு போகவில்லை. முகம்கூடத் தெரியாத பெண். நாம் சும்மா இருந்தால் அவள் அப்பா ஆயுசுக்கும் கொலைகாரர்தான் என்று தோன்றியது.

*

மறுநாள் காலை கரண்ட் போயிருந்தது. தறிகள் நின்று, ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அழகிரிசாமி தறிக்கூடத்துக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணெய்க் கேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரீத்திகா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“நைனா, வண்டியப் பிரிச்சுப் பாத்தோம்.”

“யாரு பாத்தது?”

“காளிச்சாமி. பாய் போட்ட தட்டுல ஒரு தப்பும் இல்ல.”

அவர் துடைப்பதை நிறுத்தினார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். எதையும் கூட்டாமல் குறைக்காமல், காளிச்சாமி எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லி முடித்தாள். அம்மா சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அவர் கையிலிருந்த துணியை மடித்து மடியில் வைத்தார்.

“நல்ல ஆயில்தான கண்ணு அது?”

“நல்ல ஆயில்தான் நைனா. அந்த வண்டிக்கு ஆகாது, அவ்வளவுதான்.”

“பைக்குக்குத் தனி ஆயில் உண்டா?”

“உண்டுங்க நைனா. டப்பாவுலயே போட்டிருப்பாங்க.”

“நான் டப்பாவப் பாத்தேன்,” என்றார் அவர். “பாத்துத்தான் ஊத்துனேன். அதுல கார் படம் போட்டிருந்துச்சு. இன்ஜின் இன்ஜின்தானன்னு நெனச்சேன்.” கேனைக் கீழே வைக்கப் போனார். அது சாய்ந்தது. எண்ணெய் தரையில் பரவுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தறிக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத மனிதர், அதைத் துடைக்க எழுந்திருக்கவில்லை.

கரண்ட் வந்ததும் ஒன்றிரண்டு தறிகள் ஓடத் தொடங்கின. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் ஏதோ சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தாள்.

“காரை எடு கண்ணு. ஸ்டேஷனுக்குப் போலாம்.”

ஸ்டேஷனில் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். காரணம் கேட்டார்கள். “தப்பு என்னோடதுங்க,” என்று மட்டும் சொன்னார். அங்கிருந்து துடியலூருக்கு விடச் சொன்னார்.

அமீர் ஹம்சாவின் கடை பாதி ஷட்டரோடு திறந்திருந்தது. உள்ளே ரிப்பேருக்கு வந்த வண்டி ஒன்றுகூட இல்லை. அழகிரிசாமியைக் கண்டதும் ஹம்சா எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க.”

அழகிரிசாமி உட்காரவில்லை. “நான்தானுங்க ஊத்துனேன். கார் ஆயிலு,” என்றார்.

ஹம்சா பிரீத்திகாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே,” என்றார் கடைசியில். திட்டும் குரலில் சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்ல வராமல் சொன்னார்.

அழகிரிசாமி கையெடுத்துக் கும்பிட்டார். ஹம்சா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டீ வரவழைத்தார், யாரும் குடிக்கவில்லை. கடையை இந்த மாசத்தோடு காலி செய்வதாகவும், சாவியைக் கொடுத்துவிடுவதாகக் கட்டடச் சொந்தக்காரரிடம் சொல்லியாயிற்று என்றும் கிளம்பும்போது பிரீத்திகாவிடம் சொன்னார். “ஊருக்குள்ள ஆளாளுக்கு நீங்க போயிச் சொல்ல முடியாதுங்களே அம்மணி.”

வீட்டு வாசலில் கார் நின்றதும் அம்மா கதவருகே வந்தாள். நைனா இறங்கி நடந்த நடையைப் பார்த்தாள். அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்துவிட்டுப் பிரீத்திகாவிடம் திரும்பி வந்தாள். “சொல்லிட்ட,” என்றாள். கேள்வி மாதிரி இல்லை அது. பிறகு உள்ளே போனவள் அன்றைக்கு முழுக்க அவளிடம் பேசவில்லை.

அழகிரிசாமி சாகவில்லை. அம்மா பயந்த மாதிரி நடக்கவில்லை. தறிக்கூடத்துக்குப் போவதை விட்டார். மூன்று தறிகளை விற்றுவிட்டார்கள். காரின் சாவியைத் தொடுவதில்லை. சோற்றை முன்னால் வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். அம்மா அவர் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழ் போடவிடுவதில்லை.

பிரீத்திகா ஆபீஸ் இருக்கும் சரவணம்பட்டியிலேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டாள். சாயந்திரம் சாயந்திரம் வீட்டுக்குப் போன் பண்ணுவாள். அம்மா எடுப்பாள். ஹலோ என்றுகூடச் சொல்லாமல் போனை நைனாவிடம் நீட்டிவிடுவாள். வளையல் சத்தம் மட்டும் கேட்கும்.

“சாப்ட்டயா கண்ணு?” என்பார் நைனா.

“சாப்ட்டேனுங்க நைனா. நீங்க?”

அவர் பதில் சொல்லத் திரும்பி அம்மாவைப் பார்ப்பார் போலிருக்கும். வளையல் சத்தம் மறுபடி ஒருமுறை கேட்கும், பிறகுதான் “சாப்ட்டேன் கண்ணு” என்பார்.